ஒரு சாண்

முப்பத்தொரு வருடம்
இந்த ஊர்ச் சாலைகளில் கோடு போட்டவன் நான்.
அவெய்ரோ நகராட்சி. வெள்ளை பெயின்ட், மஞ்சள் பெயின்ட்.
வரிக்கோட்டில் ஏறிச் சாலையைக் கடந்தவர்களைவிட
பத்தடி தள்ளிக் குறுக்கே ஓடியவர்களே அதிகம்.
'நிறுத்தாதே' என்ற எழுத்தின் மேலேயே
காரை நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள்,
பாதிரியார் உட்பட.
நான் கோபித்துக்கொண்டதில்லை.
போடுவது என் வேலை,
கேட்பதும் கேளாததும் அவரவர் பாடு.

அந்த மார்ச்சில்
தபால் நிலைய வாசலில் வட்டம் போடச் சொன்னார்கள்.
இரண்டு மீட்டருக்கு ஒன்று, இரண்டு பாதம் கொள்ளும் அளவு.
பதினேழு போட்டேன்.
காய்ந்தும் காயாமலும் இருக்கும்போதே
ஓய்வூதிய நாள் வந்துவிட்டது.

வந்தார்கள்.
ஆளுக்கு ஒரு வட்டம்.
போலீஸ் இல்லை, கயிறு இல்லை.
மீன் சந்தையில் வரிசை என்றால் என்னவென்றே அறியாத கிரசியெத்தே
நற்கருணைக்கு நிற்பதுபோல் நின்றாள்.
மழை பிடித்தது.
மூன்றடியில் கூரை இருந்தும் ஒருவரும் நகரவில்லை.
குடை இருந்தவர்கள் விரித்தார்கள்,
இல்லாதவர்கள் தங்கள் வட்டத்திலேயே நனைந்தார்கள்.

அப்போதுதான் கிரசியெத்தேயின் பை கிழிந்தது.
எட்டு ஆரஞ்சு, சரிவில், கால்வாய்ப் பக்கமாக.
குனியப் போனவர்கள் நின்றார்கள்.
பிறகு ஒருவர் ஊன்றுகோலை நீட்டினார்,
ஒருத்தி குடை நுனியை,
ஒராசியோ தன் சப்பாத்தை.
வட்டத்திலிருந்து வட்டத்துக்குத் தட்டித் தட்டி
ஏழு பழம் அவள் காலடிக்குத் திரும்பி வந்தது.
எட்டாவது தண்ணீரில் விழுந்தது.
அதற்கும் கைதட்டினார்கள்.

எதிரே, வேனுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
சொல்ல வெட்கம்தான், கண் கலங்கிவிட்டது.
முதல் தடவையாக
நான் எழுதியதை இந்த ஊர் படிக்கிறது.

ஏப்ரல் கழிந்தது.
அடுத்த ஓய்வூதிய நாளில்
ஆறாம் வட்டத்தில் ஒராசியோ இல்லை.
அவன் மனைவி இஃபிஜெனியா நின்றாள்,
கறுப்புக் கம்பளிச் சட்டை, கையில் அவன் அடையாள அட்டை.
வேனைப் பார்த்து, குரலை உயர்த்திக் கேட்டாள்:
"நீ போட்டதைவிட்டு அவர் ஒரு அடி விலகியதில்லையே.
எப்படி வந்தது?"

இறங்கிப் போனேன். தள்ளியே நின்றேன்.
சொன்னேன்:
என் அளவுகோல் இரண்டு மீட்டர் இல்லை.
வேனின் பின்கதவு மூட மறுத்ததால்
என்றோ ஒரு சாண் அறுத்துவிட்டேன்.
பதினேழு வட்டமும் ஒரு சாண் குறைச்சல்.
எண்சாண் உடம்புகள் எல்லாம்
என் பிசகின் மேல் பிசகாமல் நின்றிருந்தன.
சொல்லும்போதே அழுதேன்.

அவள் வெகுநேரம் அந்த மஞ்சளைப் பார்த்தாள்.
"ஒரு சாண்தானே" என்றாள்.
"போகட்டும். நீ என்ன செய்வாய்."

நான் என்ன செய்தேன் என்றால்,
வியாழன்தோறும் இரவு
என் கார்க் கொட்டகையின் இரும்புக் கதவை இழுத்து மூடிவிட்டு
நாலு பேர் சீட்டாடினோம்.
பகலெல்லாம் ஊரைப் பிரித்து நிறுத்திய களைப்பு எனக்கு.
ஒரே பல்பு. ஒரே புட்டி.
கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான்
ஒராசியோ சீட்டுப் போடுவான்.
படகுக்குத் தார் பூசப் போகிறேன் என்று
அவளிடம் சொல்லிவிட்டு வருவான்.
அந்த ஏப்ரலில் எனக்கு இருமல் இருந்தது.
பெயின்ட் நெடி என்றேன்.
எல்லோரும் சிரித்தோம்.

இஃபிஜெனியாவிடம் கோலைச் சொன்னேன்.
இதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, அறுத்த அந்தக் கோலாலேயே
சீட்டு மேசையைக் குறுக்கே அளந்தேன்.
பாதி கோலுக்கு மேல் வெளியே நீண்டுகொண்டிருந்தது.
மேசை நாலு சாண்கூட இல்லை.