வேலைச் சீட்டு 318

புகாரில் இருந்தது இவ்வளவுதான்:
‘காத்திருக்கும் அறையில் விளக்கு கத்துகிறது.’
மனநல நிலையத்து மேலாளர் சிரித்தார்.
“பதினான்கு வயசுப் பெண் எழுதியது, மிலென்கோ.
எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.”

ஏணியை விரித்தேன்.

நீரிணைக்கு அக்கரையிலிருந்து வருகிறவர்கள்.
பொர்வெனீரில் மனதுக்கு மருத்துவர் இல்லை.
பதினொரு மாதம் பட்டியலில் கிடந்து
இரண்டரை மணி நேரம் கப்பலில் குலுங்கி
அம்மா ரொசால்பா, மகள் யாஸ்னா,
வீட்டில் விட்டுவர ஆளில்லாத தம்பி
வாசல்வரை வந்தார்கள்.
வாசலோடு திரும்பினார்கள்.
பதிவேட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று ஏறியது.

இதைச் சொன்னது வரவேற்பு மேசை ஹெர்மினியா.
சொல்லும்போது குரல் தாழ்ந்தது.
அந்தக் கையெழுத்து அவளுடையது.

ஆறு டியூப் லைட். பழைய சோக்கு.
இரண்டில் சுருதி பிசகிய ரீங்காரம்,
மூன்றாவது விட்டுவிட்டு,
சோற்றில் கல் கடித்ததுபோல.
“உங்களுக்குக் கேட்கிறதா?” என்றார் மேலாளர்.

கேட்கிறதாவா.
இந்த ஊரின் ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு மளிகைக் கடையும்
ஐம்பத்திரண்டு வருஷமாக என் காதில் கத்துகின்றன.
எல்லோருக்கும் கேட்கிறது,
எல்லோரும் பொறுத்துக்கொள்கிறார்கள்,
எனக்குத்தான் பொறுமை போதாது
என்றல்லவா இருந்தேன்.
என் கல்யாண விருந்தில் பாதியில் எழுந்துபோய்
ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியவன் நான்.
மைத்துனர்கள் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள்.

“கேட்கிறது” என்றேன்.

சீட்டில் விளக்கு மட்டும்தான்.
கைகழுவும் இடத்தில் சீறும் சூடுகாற்றுப் பெட்டியையும் கழற்றினேன்.
ஒரு துண்டு தொங்கினால் கை காய்ந்துவிடும்.
அழைப்புமணியின் நாக்குக்குத் துணி சுற்றினேன்.
‘முன்பதிவு தொலைபேசியில் மட்டுமே’ என்ற பலகை
ஒரே ஒரு திருகாணியில் நின்றது.
அந்தத் திருகாணி எப்படியோ தொலைந்துபோனது.
ஹெர்மினியா பார்த்துக்கொண்டிருந்தாள்.
தன் கைபேசி எண்ணைத் தாளில் எழுதி
‘பேச வேண்டாம், எழுதினால் போதும்’ என்று
பலகை இருந்த வெளுத்த சதுரத்தின்மேல் ஒட்டினாள்.

மேலாளர் கேட்டார்:
ஒரே ஒரு பிள்ளைக்காகவா இத்தனையும்?

ஜன்னலைக் காட்டினேன்.
வசந்தம் வந்தால் எங்கள் ஊரில் காற்று ஆளைத் தூக்கும்.
தெருமுனையெல்லாம் கயிறு கட்டி வைப்பார்கள்.
கைத்தடிக்காரர் பிடிப்பார், வங்கி அதிகாரி பிடிப்பார்,
குடித்தவனும் பிடிப்பான்.
உன் எடை என்ன,
காற்று உன்னை எவ்வளவு தள்ளுகிறது,
சான்றிதழ் எங்கே என்று
கயிறு கேட்டு நான் பார்த்ததில்லை.

அவர் ரசீதில் கையெழுத்துப் போட்டார்,
துண்டுக்கான காசை மட்டும் அடித்துவிட்டு.

செவ்வாய்க்கிழமை அவர்கள் முறை.
செவ்வாய்க்கிழமை காற்று நூற்றுப் பத்துக் கிலோமீட்டர்.
கப்பல் புறப்படவில்லை.
வராதவர் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும்,
இன்னொரு பதினொரு மாதம்.
விதி அப்படி.
ஹெர்மினியா பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள்.
பிறகு ‘வராதவர் பெயர்’ என்ற கட்டத்தில்
‘கப்பல்’ என்று எழுதினாள்.

வியாழன். யாஸ்னாவுக்கு நான்கு மணி.
ரொசால்பாவுக்கு ஐந்து, தனியாக;
அந்த அம்மா தூங்கி எத்தனை மாதமோ.
தம்பி படுத்துக்கொள்ள
கோப்பு அலமாரியின் பின்னால் ஒரு மெத்தை.

கைபேசி அதிர்ந்தது. அக்கரையிலிருந்து
ஒரே சொல்: ‘விளக்கு?’
ஹெர்மினியா என்னைப் பார்த்தாள்.
வேலை முடிந்து நான்கு நாளாகியும்
நான் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று
அவள் கேட்கவில்லை.
‘பேசாமல் இருக்கிறது’ என்று எழுதச் சொன்னேன்.

வெளியே கயிறுகள் விம்மின.
என் தோள்கள் காதருகிலிருந்து இறங்கின.
அவை அவ்வளவு மேலே இருந்ததே
எனக்குத் தெரியாது.

மேசைமேல் ஒரு படிவம்,
பெயர்க்கட்டம் காலியாக,
என் பக்கம் திரும்பிக் கிடந்தது.
யார் திருப்பியது என்று தெரியவில்லை.
பேனா தேடினேன்.
சட்டைப்பையில் டெஸ்டர்தான் இருந்தது.