இழுக்காதீர்கள்

தடுப்பூசித் தேதி, எடை, புழு மருந்து,
நள்ளிரவிலும் எடுக்கும் மருத்துவரின் எண்.
குட்டி வந்த அன்றே
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள் மாரிக்கா.
"என் ரத்தக்கொதிப்புக்கே இப்படியொரு தாள் இல்லை"
என்று சிரித்தவன் நான்.

பிப்ரவரி. ஹீயுமா தீவில் ஓயாத காற்று.
அவள் தாலினில், தங்கையின் பிரசவத்துக்கு.
குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது.
நாக்குக்கு அடியில் சிவப்பாய் ஒரு முனை:
மாலையில் நான் பொத்தான் தைத்த நூல்.

"இழுக்காதீர்கள்" என்றது தொலைபேசி.
"குடலை அறுத்துவிடும்.
சாப்பிட எதுவும் தர வேண்டாம்.
கடைசிப் படகு எப்போது?"

ஏழரைக்கு. மணி ஏழு ஐந்து.

வழியெல்லாம்
ஒரு கை ஸ்டியரிங்கில்.
மற்றொன்றை
தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

துறையில் கயிறு அவிழ்க்கும் கலேவ்
என் கோட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
அவிழ்த்த கயிற்றை
மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினான்,
என் கார் ஏறும் வரை.

மூன்றாம் நாள் திரும்பினோம்.
வயிற்றில் ஒன்பது தையல்,
என் பொத்தானைவிட நேர்த்தி.
இரண்டு கிலோ நூறு என்று
தாளில் எடையை எழுதினேன்.
கீழே, 'நூல்கண்டு டப்பாவுக்குள்.'

மாரிக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.
என் கோணல் எழுத்து
அவளுக்குத் தெரியும்.