முந்திய அரைவிநாடி

இரண்டுக்கும் வயிற்றில் கண்ணாடி கிடையாது.
அது ஒன்றுதான் பொருத்தம்.

என்னுடையது
கண்டியில் இரண்டு கை மாறி என்னிடம் வந்தது.
மெனு பொத்தானில் எழுத்து அழிந்து
வெறும் பள்ளம்.
குளிர் ஏறினால் பெட்டரி படுத்துவிடும்.
தலவாக்கலைக்குப் போகிற நாளில்
இரண்டு பெட்டரிகளைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வேன்,
அடைகாக்கிற கோழி மாதிரி.

ஜெயரூபனுடையது போன மாசியில்
குவைத்திலிருந்து பெட்டியோடு வந்தது.
அவன் அக்காவின் பதினொரு மாதம்.
துவாரம் எது, வேகம் எது என்று
அவனுக்கு இன்னும் குழப்பம்;
கமராவுக்குக் குழப்பமே இல்லை.
யார் திரும்பினாலும்
கண்மணியில் மஞ்சள் சதுரம் போய் உட்காரும்.
சத்தமும் இல்லை.
பக்கத்தில் நிற்கிற எனக்கே
எடுத்தானா இல்லையா தெரியாது.
நான் எடுத்தால்
குருக்கள் மந்திரத்தை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார்.

பொறாமை இல்லை என்று சொல்ல மாட்டேன்.
இருட்டு மண்டபத்தில் அவன் படம் பால்;
என் படத்தில் ரவை கொட்டியிருக்கும்.
ஒருமுறை இரவல் வாங்கி
ஒரு மணிநேரம் வைத்திருந்தேன்.
எல்லாம் சரியாக வந்தது.
செய்ய ஒன்றுமில்லாமல் கை வேர்த்தது.

என் கமரா உலகத்தைச் சற்றுப் பிந்தித்தான் காட்டும்.
உள்ளே இருக்கிற சின்னத் திரையில்
கை உயர்வதைப் பார்க்கும்போது
வெளியே கை இறங்கத் தொடங்கியிருக்கும்.
எட்டு வருஷமாக
இன்னும் நடக்காததைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறேன்.
மாப்பிள்ளையின் தோள் இறுகுவதைப் பார்த்து முடிச்சை;
யாரோ ஒருத்தியின் தொண்டை அசைவதைப் பார்த்து அழுகையை.

அவனுடையது நேர் எதிர்.
பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால்
போன அரைவிநாடியையும் சேர்த்துக் கொடுக்கும்.
தவறவிட்ட பிறகு அழுத்தினாலும் போதும்.

ஞாயிற்றுக்கிழமை, தலவாக்கலைக் கோயில் மண்டபம்.
பெண் கிரிஷாந்தினி, கொழும்பில் துணிக்கடை வேலை.
அம்மா குவைத்தில்; லீவு கிடைக்கவில்லை.
நிறைகுடத்தில் ஒரு போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.
அம்மா அதில் இருந்தாள்.

கெட்டிமேளம்.
நான் அழுத்தினேன்: தாலி, தாழ்ந்த இமை,
கொஞ்சம் மங்கல், ஆனாலும் அந்த நொடிதான்.
ஜெயரூபன் "ஐயோ" என்றான்.
சதுரம் பெண்ணை விட்டுவிட்டுப்
போனில் போய் உட்கார்ந்திருந்தது.
நகர்த்த நகர்த்தத் திரும்பிப் போனது.
கடைசியில் அப்படியே அழுத்திவிட்டான்.

மண்டபத்துக்குப் பின்னால், அண்டா கழுவுகிற இடத்தில்
பெரிதாக்கிப் பார்த்தோம்.
மணமக்கள் வெறும் சிவப்பும் மஞ்சளும்.
போனுக்குள் அந்த அம்மா ஊசிமுனைத் துல்லியம்.
சிக்னல் உறைந்து பாதி முகம் கட்டம் கட்டமாக,
மீதிப் பாதியில்
முக்காட்டு நுனியைக் கடித்த பல்.
அந்த அரைவிநாடிக்குப் பதினைந்து படம்.
பதினைந்திலும் அவள் அசையவில்லை.

"இவ்வளவு காசுக்கு இதுதானா செய்யும்?" என்றேன்.
அவன் பேசாமல் மெனுவுக்குள் போய்க் காட்டினான்.
முகங்களைப் பதிந்து வைக்க ஓர் இடம், எட்டுப் பேர் வரை.
ஒன்றாவதில் அவன் அக்கா.
முக்காடு, பின்னால் சமையலறைக் குழல்விளக்கு.
பெட்டி வந்த அன்றே பதிந்தானாம்,
எந்தக் கூட்டத்தில் இருந்தாலும்
முதலில் அவளைத்தான் பிடிக்கவேண்டுமென்று.
மற்ற ஏழும் காலி.

அழித்துவிடு என்று சொல்ல வாய் எடுத்தேன்.
வெள்ளிக்கிழமை கொட்டகலையில் அடுத்த கல்யாணம்;
பணம் தருகிறவர்களுக்கு மணப்பெண் வேண்டும்.
சொல்லவில்லை.

ஹட்டன் பஸ்ஸில் அவன் தூங்கிவிட்டான்,
கமராப் பட்டியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி.
நான் என்னுடையதை வெளியே எடுத்து
ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
அதற்கு யாரையும் தெரியாது.
கண்ணாடியில் ஒரு மழைத்துளி, அதற்கப்பால் மலை.
துளிக்குப் போகிறது. மலைக்குப் போகிறது.
மறுபடி துளிக்கு.