உள்ளறை, ஜன்னல் இல்லை

களியக்காவிளை மீன்சந்தைக்கு எதிரே, மாடியில்,
பிஜுமோனின் மேசைமேல் ஒரு கப்பல்
குறுக்கே அரிந்த பலாப்பழம்போல் விரிந்து கிடந்தது.
சுளைக்குச் சுளை ஓர் அறை.
கொச்சியிலிருந்து நாலு ராத்திரி.
"ஆரு ஆரு கூட, சேச்சி?" என்றான்
பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்து.

போனில் எல்லார் விருப்பமும் இருந்தது.
ரெனில், பத்தொன்பது: எனக்குத் தனி. இல்லேன்னா நான் வரல்ல.
அபிஷா, பதினேழு முடிந்து நாலு மாசம்:
அவனுக்குத் தனின்னா எனக்கும் தனி.
ஒரே ரூம்னு மட்டும் சொல்லாத, அவன் கால் நாறும்.
டென்சிங், மார்த்தாண்டத்துக் கடையிலிருந்து, குரலில்,
பின்னால் யாரோ பெயிண்ட் டின் உருட்டும் சத்தத்தோடு:
பால்கனி உள்ளது எடு. விலை கேளு. பொறவு எடு.

"பதினெட்டு ஆவாத பிள்ளையத் தனியா விடமாட்டாவ.
கப்பல் சட்டமாக்கும்."
பெண்கள் ரெண்டும் ஒரு அறை, ஆண்கள் ரெண்டும் ஒரு அறை,
எல்லாக் குடும்பமும் அப்படித்தான் போகுமாம்.
இல்லையென்றால் நாலு பேருக்கும் ஒரே அறை:
ராத்திரி சுவரிலிருந்து ரெண்டு கட்டில் இறங்கும்,
விடிந்தால் சுவருக்குள்ளேயே போய்விடும்.

பாறசாலை வாடகை வீட்டில் சுவர் எதையும் இறக்கித் தரவில்லை.
ஒரு பாய். என் வயிற்றின்மேல் ரெனிலின் கால்,
என் முடிக்குள் அபிஷாவின் கை,
திரும்பிப் படுக்க வேண்டுமென்றால்
நாலு பேரும் திரும்ப வேண்டும்.
அப்போது ஒருவர் காலும் நாறவில்லை.

இப்போது அவள் கதவில் ஒரு தாள் இருக்கிறது:
தட்டிவிட்டு வரவும்.
சிவப்பு ஸ்கெட்ச் பேனா, ரெண்டு வருஷத்தில் ரோஸ் ஆகிவிட்டது.
மடித்த துணியை இடுக்கு வழியாக நீட்டுகிறேன்,
ஒரு கை வாங்கிக்கொள்கிறது.
அவன் அறைக்கு உள்பூட்டு.
டென்சிங்குக்கு டிவி இருக்கும் அறை.
அடுக்களைக்கு மூன்று வாசல்,
ஒன்றுக்கும் கதவில்லை.

"இது என்ன?"
லிஃப்ட் பக்கத்தில், கப்பலின் நடு வயிற்றில்,
சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்.
"அது உள்ளறை சேச்சி, ஆரும் கேக்கமாட்டாவ.
ஜன்னல் கெடையாது. வெளக்கணைச்சா
ராத்திரியா பகலான்னு தெரியாது.
கடல்ல போறோம்னே தெரியாது."

அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது.

"பால்கனியில மூணு பேரு எழுதும். அப்பனும் பிள்ளைகளும்."
"அப்போ இதில?"
"நான்."
பேனா மூடி வாயிலிருந்து விழுந்தது.
குனிந்து எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்,
"ஒரு ஆளு படுத்தாலும் ரெண்டு ஆளுக்கக் காசு ஆவும்."

சீட்டு எடுத்த பணம்,
ரப்பர் பேண்ட் ரெண்டு சுற்று.
எனக்கு எண்ணினேன்.
பிறகு, வராத அந்த ரெண்டாவது ஆளுக்கும் எண்ணினேன்.
அவள் யாராக இருந்தாலும்
நாலரைக்கு அலாரம் வைக்காதவளாக இருக்கட்டும்.

கீழே பஸ் வரவில்லை.
அயிலைப் பெட்டி இறக்கிய ஐஸ் தண்ணீர்
செருப்பு வரைக்கும் ஓடி வந்தது.
டென்சிங் கேட்டது ஒன்றுதான்:
பால்கனி கிடைச்சுதா?
அபிஷா: நீ ஏன் அப்பாகூட இல்ல? சண்டையா?
இல்ல.
எழுதுகிறாள், அழிக்கிறாள், எழுதுகிறாள்.
அப்போ ஒரு நாள் நான் அங்க வந்து படுக்கட்டா?

கேரளா பஸ் ஒன்று மூச்சு வாங்கியபடி திரும்பியது.
நின்றுகொண்டே அடித்தேன்:
தட்டிட்டு வா.

ஒற்றை டிக்.
இந்த இடத்தில் எப்போதும் இப்படித்தான்,
எந்தப் பக்கத்து டவரைப் பிடிப்பதென்று
போனுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.