வியாகப்பனுக்கு நாற்பது கடிதங்கள்

குளச்சலில்
ஐஸ் பிளான்டின் பின்பக்கத்து ஆபீஸ் ரூம்.
கம்ப்ரசர் நிற்கிற நேரம் பார்த்துத்தான்
லேப்டாப்பைத் திறப்பேன்.
மற்ற நேரம் மேசை நடுங்கும்.

நாற்பது கம்பெனி. நாற்பது பதில்.
எல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு மேல்,
மனுஷர் கடிதம் எழுதாத நேரத்தில்:
‘டியர் வியாகப்பன், வருந்துகிறோம்.’

வியாகப்பன் எனக்க அப்பா.
கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் கேட்டது.
காலியாக விட்டால் நகரமாட்டேன் என்றது.
அப்பாவைப் போட்டேன்.
ஆயுசில் ஒரு வேலைக்கும் மனு எழுதாத மனுஷன்
நாற்பது இடத்தில் தோற்றுக் கிடக்கிறார்.

சாயங்காலம் சொன்னேன்.
“நாப்பதா? எங்கெல்லாம்?”
கோயம்புத்தூர், ஓசூர், எறணாகுளம், புனே.
கட்டஞ்சாயாவை ஆற்றிக்கொண்டே
“புனேக்கெல்லாம் நான் போகமாட்டேன்” என்றார்.

தக்கலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற ஷிபு
என் ரெசியூமை எந்திரம் வாசிக்கிற மாதிரியே
திரையில் காட்டினான்.
இரண்டு பத்தி, ஓரத்தில் நீலக்கோடு, வட்டத்துக்குள் போட்டோ.
ஐநூறு ரூபாய் கொடுத்துச் செய்த அழகு.
எந்திரத்துக்குப் பத்தி தெரியாது.
இடமிருந்து வலம் ஒரே இழுப்பு:

பி.காம். இரண்டாம் வகுப்பு அம்மோனியா கசிவு
மொழிகள் தமிழ் மலையாளம் மேற்பார்வை பதினோரு பேர்
பொழுதுபோக்கு உப்புத்தொட்டி
திருமணம் ஆகவில்லை டன் ஒன்றுக்கு

ஷிபு சிரித்தான். நானும்தான்.
திரும்பி வரும் பஸ் திங்கள்நகர் தாண்டியபோது
அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று இருந்தது.

கோட்டை எடுத்தேன். கட்டத்தை எடுத்தேன்.
முகத்தை எடுத்தேன்.
விளம்பரத்தில் என்ன வார்த்தையோ அதே வார்த்தை,
எழுத்துக்கூட மாறக்கூடாதாம்.
ஐஸ் என்றால் அதுக்கு விளங்காது,
கோல்ட் செயின்.
படகுக்காரர் பின்னால் நடந்து வாங்கிய பாக்கி
கிரெடிட் கன்ட்ரோல்.
முதலாளியும் லோடுமேன்களும் முறைத்துக்கொண்ட நாளில்
நடுவில் நின்றேனே, அது
ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட்.
மூன்று மணிக்கு வால்வை அடைத்துவிட்டு
கண் எரிய, வாசலில் குத்தவைத்து
வாந்தி எடுத்தது
சேஃப்டி கம்ப்ளையன்ஸ்.

எண்கள் போடு, மார்க் ஏறும் என்கிறான் ஷிபு.
எண்ணுக்கு என்ன குறைச்சல்?
நாளுக்கு நானூறு பார்,
பாருக்கு ஐம்பது கிலோ,
உடைந்ததும் உருகினதும் தனிக் கணக்கு.
தடைக்காலத்து இரண்டு மாசத்தை
வேலையில்லாத காலம் என்று அது சந்தேகப்படும்,
மெயின்டனன்ஸ் என்று எழுது.

ஓகி அடித்த டிசம்பரில்
பத்தொன்பது நாள்
தேதி போட்டு, கோடு கிழித்து, பூஜ்யம் எழுதினேன்.
ஒரு படகும் ஐஸ் கேட்டு வரவில்லை.
திரும்பாதவர்கள் கணக்கிலும்
பார்கள் உறைந்துகொண்டுதான் இருந்தன.
இதை எந்தத் தலைப்பின் கீழ் போட, ஷிபு?

அவன் பதில் சொல்லவில்லை. பிரின்டருக்குப் பேப்பர் வைத்தான்.

ஒரு தந்திரம் உண்டு:
வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில்
விளம்பரத்து வார்த்தைகளை ஒளித்து வைப்பது.
மனுஷக் கண்ணுக்குப் படாது, எந்திரம் வாசிக்கும்.
பிடித்துவிடுவார்கள், வேண்டாம் என்றிருந்தான்.
அவன் டீக்குப் போன நேரம்
கடைசி வரிக்குக் கீழே, வெள்ளையில்,
பத்தொன்பது பூஜ்யங்களைத் தட்டினேன்.
ஒன்றுக்கும் உதவாது என்று தெரியும்.

மார்க் எண்பத்தாறு.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு,
பகல் வெளிச்சத்தில்,
எறணாகுளத்திலிருந்து ஒரு பெண்குரல்.
“வியாகப்பனல்லே?”
ஆமா என்றேன்.
கோல்ட் செயினில் எட்டு வருஷம் என்று போட்டிருக்கிறதே,
விவரமாகச் சொல்ல முடியுமா,
சரியாகக் கேட்கவில்லை,
பின்னால் அதென்ன சத்தம்?

அதுதான் என்றேன்.