எட்டரை ஆள்

நாவலின் ஏழாம் அத்தியாயத்துக்கு
ஒரு காற்று தேவைப்பட்டது.
பெயர் தெரியும், சோளகம்.
வைகாசியில் எழும்பிப் புரட்டாதி வரைக்கும்
வேலி, சோறு, கண்மடல் எதையும் விடாது.
ஆனால் ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினேழில்
மணற்காட்டில் அது எவ்வளவு வீசியது?
கச்சேரியில் விசாரித்தேன்.
மழைக்குக் கணக்கு உண்டு, அங்குலத்தில்.
காற்றுக்கு அந்த நாளில்
ஒருவரும் ஏடு வைத்ததாகத் தெரியவில்லை.

வானிலை நிலையத்து நிமலரூபன் சொன்னார்:
"பாலைவனம் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ அக்கா.
ஐம்பது அங்குலம் பெய்யிற இடம்.
மூண்டு மாதத்தில கொட்டி முடிச்சிடும்.
மிச்ச ஒன்பது மாதமும்
அந்த மூண்டு மாதத்தைத்தான் குடிக்கிறம்."
கடைசி இரண்டு வரியையும் அங்கேயே திருடிவிட்டேன்.
இரண்டாம் அத்தியாயத்தில், உவர்க் கிணற்றடியில்
ஒரு கிளாக்கர் அதைச் சொல்கிறார்.

பாலைக்குத் தனி நிலமில்லை என்று
பத்தாம் வகுப்பில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான்.
இங்கே அது நெய்தலின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது:
ஒரு கையில் மீன்வாடை,
மறு கையில் நிழலே இல்லாத மதியம்.

காற்று கிடைத்தது
ஒரு செலவுக் கொப்பியில்.
மணலுக்குள் போன கோயிலின் கொப்பி,
பாதி கரையானுக்கு.
மெழுகுதிரி, சாம்பிராணி, கூரைக்கு ஓலை.
இடையில்:
வாசல் மணல் அள்ள, இரண்டு ஆள், அரை நாள்.
அடுத்த வருடம் நாலு ஆள்.
அதற்கடுத்தது கரையானின் வருடம்.
பிறகு எட்டரை ஆள், மூன்று நாள், தேத்தண்ணி உட்பட.
பிறகு கூலியே இல்லாமல் ஒரு வரி:
பூசைக்கு யன்னலால் இறங்கினோம்.

எட்டரை.
பிழையென்று நினைத்துக் கூட்டிப் பார்த்தேன்.
பிழையில்லை.
ஆளுக்கு ஐம்பது சதம்,
ஒருவருக்கு மட்டும் இருபத்தைந்து.
பெண்ணாக இருக்கலாம், பிள்ளையாக இருக்கலாம்.
கொப்பிக்கு அந்தக் கவலை இல்லை.
லுவீசாள் என்று பெயர் வைத்தேன்.
பத்தொன்பது வயது.
கடகத்தின் ஒரு பக்கத்துக் காது அறுந்திருந்தது,
அந்தப் பக்கம் அவள் தோளில் மணல் வழிந்தது.

வாடை கடலிலிருந்து மணலைக் கொண்டுவரும்,
சோளகம் திருப்பி அனுப்பும்,
போகவர ஒவ்வொரு முறையும்
கொஞ்சம் கோயிலில் தங்கிவிடும்.
லுவீசாளுக்கு இது தெரியும்.
வலை காயும் திசையைப் பார்த்து வளர்ந்தவள்.
அள்ளியதைத் தென்மேற்கில் கொட்டச் சொன்னார்கள்,
கடற்பக்கம் வள்ளங்கள் கிடந்தன.
"அங்க கொட்டினா
விடியமுன்னம் திரும்பி வந்திடும்," என்றாள்.
ஒருவரும் நிமிரவில்லை.
அரை ஆளின் பேச்சு.
விடிந்தபோது வாசற்படி இல்லை.
இரண்டாம் நாளும் அதே இடத்தில்தான் கொட்டினார்கள்,
இரண்டாம் நாளும் கூலி கிடைத்தது.

இது நடந்ததா என்று நிமலரூபன் கேட்டார்.
கூலி நடந்தது என்றேன்.
காற்றின் பலம் அந்தக் கூலிக்குள் இருக்கிறது,
மிச்சத்தை நான் கட்டினேன்.

கட்டினேன் என்றதும்தான் உறைத்தது.
போன பங்குனியில் மணற்காட்டுக்குப் போயிருந்தேன்.
சவுக்குகளுக்குப் பின்னால்
குன்றிருந்த இடத்தில் ஒரு பள்ளம்,
உழவு இயந்திரத்தின் சக்கரத் தடங்கள் புதிதாய்.
சோளகத்துக்கு அசையாததை
இரவில் ஆட்கள் வந்து அள்ளிப் போகிறார்கள்.
வீட்டுக்கு வந்து
மேல்மாடிக் கணக்குகளைத் தேடினேன்,
இந்த மேசை நிற்கும் அறை கட்டியபோது வந்தவை.
மணல், மூன்று லோட்.
ஏற்றி இறக்கும் கூலி உட்பட.
எங்கேயிருந்து என்று எழுதவில்லை.
எத்தனை ஆள் என்றும் எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை அன்று,
சீமெந்து விலையைத்தான் கேட்டேன்.

யன்னலைச் சாத்திவிட்டு எழுதுகிறேன்.
அப்படியும் தாளில்
ஏதோ நறநறக்கிறது.