காலி என்றொரு பொத்தான்

மாரிக்குப்பம் ரயிலில் ஏறி
ஒயிட்ஃபீல்டில் இறங்கி
நாலாம் மாடியில் கடலுக்குள் போகிறேன்.

அரபிக்கடல். தொள்ளாயிரம் மீட்டர் ஆழம்.
பெங்களூரும் கடல்மட்டத்துக்கு மேலே
ஏறக்குறைய அவ்வளவுதான்.
நடுவில் எங்கோ இருக்கிறது
எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அலை.

கேமரா காட்டும் சேற்றில்
உயிர் தெரிந்தால் சுற்றிக் கட்டம் போட வேண்டும்.
கடல் அட்டைக்குப் பச்சை. இறாலுக்கு மஞ்சள்.
பெயர் தெரியாததற்குச் சாம்பல்.
கட்டத்துக்கு நாற்பது பைசா.
ஒன்றுமே இல்லையென்றால்
'காலி' என்று ஒரு பொத்தான்.
அதற்குக் காசில்லை.

பழைய பதிவுகளில்
பனி போலத் துகள்கள் விழுந்தபடியே இருக்கும்,
மேல்நீரில் செத்தவற்றின் மிச்சம்.
அட்டைகளுக்கு அதுதான் ரேஷன்.
கை வலிக்கக் கட்டம் போட்டேன்.
அந்த மாதம்தான் ஃபிரிட்ஜ் வாங்கினோம்.

புதிய பதிவுகளில் பனி மெலிந்துவிட்டது.
மேல்நீர் சூடேறி மூடிபோல் நிற்கிறதாம்,
கீழே எதுவும் சரியாக இறங்குவதில்லையாம்.
மீட்டிங்கில் பிரஜ்வல் சொன்னான்.
சொல்லிவிட்டு
நம் டீமில் ஏன் கட்டங்கள் குறைகின்றன
என்றும் அவனே கேட்டான்.

திரையின் ஓரத்தில் ஓர் எண்: ஆக்சிஜன்.
அதைப் பார்க்க யாரும் சம்பளம் தரவில்லை.
புள்ளி ஐந்தாக இருந்தது. இப்போது புள்ளி மூன்று.
எனக்கு எண் பார்த்துப் பழக்கம்.
சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில்
இதைப்போல் மூன்று மடங்கு ஆழம் இறங்கிய அப்பாவின் விரலில்
ஒரு கிளிப் மாட்டியிருக்கிறது.
எண்பத்தெட்டு.
கரண்ட் போய் மெஷின் நின்றால் எண்பத்து மூன்று.

நேற்று, ஃப்ரேம் 4018-இல்
சேற்றின் மேல் அரையடிக்கு ஒரு கோடு.
அட்டை ஊர்ந்த தடம்.
அட்டை இல்லை.
விதிப்பட்டியலில் தடத்துக்கு நிறம் கிடையாது.
பக்கத்து சீட்டு ஜுலேகா எட்டிப் பார்த்தாள்:
"காலி அழுத்துடி, டார்கெட் போயிடும்."

சாம்பலில் போட்டேன்.

இன்று காலை திரும்பி வந்திருக்கிறது
சிவப்புக் குறிப்போடு: உயிர் இல்லை.
நாற்பது பைசா பிடித்தம்.

கட்டத்தை அழித்துவிட்டேன்.
கோடு அப்படியே இருக்கிறது.
ஆண்டர்சன்பேட்டையில் கரண்ட் இல்லை என்று
தம்பியின் மெசேஜ் வந்து பத்து நிமிடம்.
பொத்தான் மேல் விரல் வைத்துக்கொண்டு
அது எந்தப் பக்கமாகப் போயிருக்கும் என்று
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.